சிவப்பு வண்டிக்கு நீல டெக்

மே 12, திங்கள்

இன்று தாளாளர் கூப்பிட்டு அனுப்பினார். நான் இந்தக் கல்லூரிக்கு வந்து மூன்று வருடமாகிறது. அவர் என்னைப் பெயர் சொல்லி அழைத்தது இதுதான் முதல் தடவை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

“ஜெயசீலி, நீங்க மெக்கானிக்கல்தானுங்களே?”

“ஆமாங்க ஐயா.”

“அப்ப வாங்க.”

பஸ் ஷெட்டுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். நிர்வாக அதிகாரி, ஏ.ஓ. குழந்தைவேல் குடை பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார். குடை தாளாளருக்கு, வெயில் எனக்கும் அவருக்கும். அங்கே இரண்டு குட்டி டிராக்டர்கள் நின்றன, ஒன்று சிவப்பு, இன்னொன்று நீலம். டிராக்டர் என்று பெயர்தானே தவிர, உயரம் என் இடுப்பைத் தாண்டாது. உட்கார்ந்து ஓட்டிக்கொண்டே புல் வெட்டும் வண்டிகள். வெட்டுகிற வேலை வண்டியின் வயிற்றுக்கடியில் நடக்கும். அங்கே கவிழ்த்துப் போட்ட பெரிய தாம்பாளம்போல ஓர் இரும்புக் கூடு தொங்குகிறது. அதற்கு டெக் என்று பெயர். பிளேடுகள் அதற்குள் சுழலும்.

மலேசியா போய் வந்ததிலிருந்து தாளாளருக்குக் கோடு கோடாக வெட்டிய புல்வெளி மேல் ஆசை. யாரோ தலையில் கட்டிய இரண்டு பழைய வண்டிகளை வாங்கிப் போட்டிருக்கிறார். சிவப்பில் என்ஜின் ஓடுகிறது, ஆனால் டெக் துருப்பிடித்து அப்பளமாகிவிட்டது. நீலத்தில் டெக் ஜோராக இருக்கிறது, என்ஜின்தான் செத்துவிட்டது.

“இதுல இருக்கறதக் கழட்டி அதுல மாட்டோணும். அவ்வளவுதானுங்க. சட்டை மாத்தற மாதிரி.”

இரண்டும் வேறு வேறு கம்பெனி. ஒட்டகத்தின் சட்டையை மாட்டுக்கு மாட்டச் சொல்கிறார். நான் வாயைத் திறக்குமுன் அவரே சொன்னார்.

“ஆய்வுக்குழு ஜூன் மூணாந்தேதி வருது. அன்னிக்கு வண்டி ஓடுச்சுன்னா உங்க ஃபைல் உங்க கையில. அந்தக் கம்பெனி லெட்டர் பார்த்தேன். சந்தோசமாப் போய்ட்டு வாங்க.”

“ஐயா சொன்னா சொன்னதுதானுங்க,” என்றார் ஏ.ஓ., குடைக்கு வெளியிலிருந்து.

சென்னைக்குப் பக்கம் ஒரகடத்தில் கியர் செய்யும் கம்பெனி ஒன்றில் எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. ஜூன் 16 அன்று அசல் சான்றிதழ்களோடு போய் நிற்க வேண்டும். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் முதல் எம்.இ. பட்டம்வரை என் அசல் எல்லாம் தாளாளர் அறை பீரோவில் இருக்கின்றன. சேரும் அன்றைக்கே வாங்கிப் பூட்டிவிடுவது இங்கே வழக்கம். அந்த பீரோ திறந்தால்தான் நான் வெளியே போக முடியும். இல்லாவிட்டால் இன்னொரு வருடம் இங்கேயே.

புல் வெட்டி விடுதலை வாங்கவேண்டும் என்று தலையில் எழுதியிருக்கிறது. வெட்டுவோம்.

மே 13, செவ்வாய்

விடுமுறை என்று பெயர். எங்களுக்கு அட்மிஷன் டூட்டி. காலையில் கல்லூரி பஸ்ஸில் ஊர் ஊராகப் போய், பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் வீட்டு வாசலில் நின்று, ‘எங்க காலேஜ்ல சேருங்க’ என்று நோட்டீஸ் கொடுக்க வேண்டும். மத்தியானத்துக்குமேல் நான் டிராக்டருக்கடியில்.

உதவிக்கு இயற்பியல் வைரவன் சாரை அனுப்பியிருக்கிறார்கள். அவர் ஊர் காரைக்குடிப் பக்கம் கண்டனூர். மனைவி அங்கே நர்ஸ், மகள் இப்போதுதான் எல்.கே.ஜி. மாதத்துக்கு ஒரு தடவை ஊருக்குப் போவார். வந்ததும் இரண்டு நாளைக்கு யாரிடமும் பேச மாட்டார். நல்ல மனிதர், ஆனால் ஸ்பேனரை டெஸ்ட் ட்யூப் மாதிரி பிடிக்கிறார்.

“மேடம், இந்தப் பக்கம் திருப்பினா கழறுமா, முறுகுமா?”

“எனக்கும் சந்தேகமா இருக்கு சார். ரெண்டு பக்கமும் அசைய மாட்டேங்குது.”

என் எம்.இ. ஆய்வு கியர் அதிர்வு பற்றியது. எண்பது பக்கம். அதில் துருப்பிடித்த போல்ட் ஒன்றுகூட வராது. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்துவிட்டு வந்தோம்.

மே 15, வியாழன்

விடுதியில் தண்ணீர் வரவில்லை. புல்வெளிக்கு டேங்கர் வந்தது. வாளியோடு போய்ப் பிடித்துக்கொண்டேன், யாரும் கேட்கவில்லை.

மே 17, சனி

போல்ட்டுகள் கழன்றன. நீல வண்டியின் டெக் கீழே விழுந்த சத்தத்தில் வைரவன் சார் முருகா என்றார், நான் இயேசுவே என்றேன். யார் கேட்டார்களோ, இருவர் காலும் தப்பியது.

டீ குடிக்கும்போது கேட்டார்: “உங்க மேல இருக்கிற பொறுப்பு என்னாச்சு மேடம்? அதையும் எடுத்துவிட்டுடுவாரா?”

“வண்டி ஓடினா ஃபைல் கையிலன்னு சொன்னாரே சார். அப்படின்னா எல்லாம் சேர்த்துத்தான்.”

பொறுப்பு என்பது இங்குள்ள இன்னொரு வழக்கம். ஒருவருடைய ஃபைல் ஏதாவது வேலையாக வெளியே போகவேண்டுமென்றால் உள்ளே இருக்கும் இன்னொருவர் கையெழுத்துப் போட வேண்டும். போனவர் திரும்பி வந்து ஃபைலை வைத்துவிட்டால் தொல்லையில்லை. வராவிட்டால் கையெழுத்துப் போட்டவர் மாட்டிக்கொண்டார். தன் இடத்தில் வேறொருவரைப் பொறுப்பு நிறுத்தும்வரை அவர் ஃபைல் வெளியே வராது. தாளாளர் இதற்கு ‘குடும்பத்துக்குள்ள ஒரு நம்பிக்கை’ என்று பெயர் வைத்திருக்கிறார்.

நான் மேகலாவுக்குக் கையெழுத்துப் போட்டேன். நான் சேர்ந்த புதிதில் அவள்தான் என் அறைத்தோழி. இந்த ஊரில் அவளைப்போல யாரும் என்னிடம் அன்பாக இருந்ததில்லை. எனக்குக் காய்ச்சல் என்றால் ரசம் வைத்துத் தருவாள், தலை பின்னிவிடுவாள், ராசிபுரம் சந்தைக்குப் போனால் எனக்கென்று நெய் முறுக்கு வாங்கி வருவாள். பாஸ்போர்ட் வேலைக்கு அசல் வேண்டும், ரெண்டே நாள்டா என்றாள். போட்டுக்கொடுத்தேன். போன இடத்தில் அவளுக்கு என்ன சிக்கலோ, வர முடியவில்லை. கிறிஸ்துமசுக்கு மறக்காமல் வாழ்த்து அனுப்புகிறாள்.

அதற்குப் பிறகு இங்கே யாரும் யாருக்கும் கையெழுத்துப் போடுவதில்லை. புதிதாக வருகிறவர்களை வைரவன் சார் தனியாகக் கூப்பிட்டு, என்னைக் காட்டி எச்சரிக்கிறார். மிருகக்காட்சி சாலைக் குரங்கு மாதிரி நான் சிரித்துவைப்பேன்.

மே 20, செவ்வாய்

நீல டெக்கை முன்பக்கம் நடுவில் ஒரே கொக்கி தாங்கும். சிவப்பு வண்டியிலோ இரண்டு ஓரத்திலும் இரண்டு இரும்புக் கைகள் தொங்குகின்றன. பின்பக்கம் நாலு விரல் அகலம் கூடுதல். எதுவும் எதோடும் சேராது.

இரண்டையும் இணைக்க நாமே பிராக்கெட் செய்துதான் ஆகவேண்டும். இரும்பு கேட்டு ஸ்டோருக்கு எழுதிப் போட்டால் கொரோனா காலத்துக் கோரிக்கையே இன்னும் நிலுவையில் இருக்கிறது என்கிறார்கள். விடுதி மாடியில் ரிப்பேருக்குப் போட்ட கட்டில்கள் கிடக்கின்றன. இரண்டு கட்டிலின் கால்களிலிருந்து ஆங்கிள் இரும்பை அறுத்து எடுத்தோம். ஒர்க்‌ஷாப்பில் வெல்டிங் நானே வைத்தேன். முதல் பிராக்கெட் கோணலாக வந்தது, இரண்டாவது அதைவிடக் கோணல். மூன்றாவது பரவாயில்லை.

வைரவன் சார் கை எட்டுகிற மட்டும் தள்ளி நின்று, கண்ணை மூடிக்கொண்டு, டெக்கைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“சார், கண்ணைத் திறங்க, முடிஞ்சது.”

“அந்த வெளிச்சத்தோட அலைநீளம் என்னன்னு புள்ளைகளுக்கு நடத்தியிருக்கேன் மேடம். அதான் பயம்.”

வெகுநாள் கழித்துச் சிரித்தேன்.

மே 23, வெள்ளி

என்ஜினிலிருந்து பிளேடுகளைச் சுழற்றும் பெல்ட் வாங்க நாமக்கல். லாரி ஊரில் கிடைக்காத பெல்ட் கிடையாது. வெளியே போக பாஸ் வேண்டும், பாஸில் ஏ.ஓ. கையெழுத்து வேண்டும், கல்லூரி வேனில்தான் போக வேண்டும். டிரைவர் கடை வாசல்வரை கூடவே வந்தார்.

சிவப்பின் பெல்ட் குட்டை, நீலத்தின் பெல்ட் நீளம். பெல்ட் ஓடும் புல்லிச் சக்கரங்களைச் சுற்றி ஒரு கயிறு விட்டு அளந்து கொண்டுபோயிருந்தேன். கடைக்காரர் கயிற்றைப் பார்த்து, “மாவு மில்லுங்களா?” என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். கதையை யார் விளக்குவது.

எதிரே பஸ் ஸ்டாண்ட். மதுரை பஸ் புறப்படத் தயாராக நின்றது. மதுரை போனால் தூத்துக்குடி, என் ஊர். டிரைவர் டீக்கடையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஏறியிருக்கலாம். ஏறி என்ன செய்வது? எம்.இ. படித்தவள் என்று வாயால் சொல்லிக்கொண்டு திரியலாம். சங்கிலி போட்டுக் கட்டியிருந்தால்கூட அறுக்கப் பார்க்கலாம். என்னை யாரும் கட்டவில்லை. நானாகவே பெல்ட்டைத் தோளில் போட்டுக்கொண்டு வேனில் ஏறி உட்கார்ந்தேன். டிரைவர் கண்ணாடியில் பார்த்தபோது பெல்ட்டின் நம்பரைப் படிப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

சாயங்காலம் அம்மா போன்.

“ஏட்டி, எப்ப வாற?”

“ஒரு வண்டி ரிப்பேர் பாக்கேன்மா. முடிஞ்சதும் வாறேன்.”

“நீ வாத்தியாரா, வண்டி ரிப்பேரா?”

அம்மாவுக்குச் சான்றிதழ் விஷயம் தெரியாது. அப்பா இறந்த பிறகு வலை பின்னிப் படிக்கவைத்தவள். படித்த படிப்பைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்கள் என்று அவளிடம் எப்படிச் சொல்வது.

மே 28, புதன்

அவமானம். விவரமாக எழுதினால்தான் ஆறும்.

டெக் ஏறிவிட்டது. லீவரை இழுத்தால் தூக்குகிறது, விட்டால் இறங்குகிறது. மெயின் பிளாக் முன்னால் வெள்ளோட்டம். தாளாளரே வந்துவிட்டார். நான் ஓட்டினேன். வைரவன் சார் பின்னால் ஓடி வந்தார், எதற்கென்று அவருக்கே தெரியாது. ஒரு நீளம் போய்த் திரும்பிப் பார்த்தால், வலது பக்கம் மொழுமொழுவென்று வெட்டியிருக்கிறது. இடது பக்கம் ஒரு புல்கூட வெட்டுப்படவில்லை. அடித்துப் போட்ட மாதிரி படுத்துக் கிடக்கிறது.

தாளாளர் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“பாதி மொட்டையாட்ட இருக்குதுங்களே.”

குழந்தைவேல் சிரித்தார். தாளாளர் சிரிக்காததைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

“இன்னும் நாளிருக்குது. பாருங்க,” என்று சொல்லிவிட்டுத் தாளாளர் போனார். அவர் கத்துவதேயில்லை, அதுதான் பயமாக இருக்கிறது.

ஷெட்டுக்கு வந்து அடியில் படுத்துப் பார்த்தேன். தப்பு என்னுடையதுதான். இடது புல்லியில் பெல்ட்டை உள்பக்கமாகச் சுற்றாமல் வெளிப்பக்கமாகச் சுற்றிவிட்டேன். அதனால் இடது பிளேடு தலைகீழாகச் சுழன்று, மழுங்கிய முதுகால் புல்லை அடித்திருக்கிறது. முதலாம் ஆண்டில் ‘பெல்ட் டிரைவ்’ பாடம் நடத்துவது யார்? நான்தான்.

மே 29, வியாழன்

இரண்டு பிளேடும் ஒரே பக்கம் சுழல்கின்றன. வெட்டுகிறது.

மே 31, சனி

முன்பக்கம் கொஞ்சம் சரிந்து மண்ணைச் சுரண்டியது. நட்டுகளைத் திருகித் திருகி மட்டம் வைத்தேன். இப்போது தாம்பாளத்தில் தண்ணீர் வைத்து ஓட்டினாலும் சிந்தாது. கர்வமாகத்தான் இருக்கிறது. மூன்று வருடத்தில் இந்த வளாகத்தில் நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் இது. போவதற்கு முன் ஒன்று செய்தேனே.

நீல வண்டி டெக் இல்லாமல் மூலையில் கிடக்கிறது. கட்டில்களுக்கும் கால் இல்லை. விடுதியில் இரண்டு பேர் தரையில் படுக்கவேண்டி வரும், ஜூன் கடைசியில் ஆள் நிறைந்தால்.

ஜூன் 3, செவ்வாய்

ஆய்வுக்குழு வந்தது. சிவப்பு வண்டிக்கு மாலை, சந்தனம், சூடம். நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம். வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தாளாளரே ஏறி உட்கார்ந்து ஓட்டினார். புல்வெளியில் கோடு கோடாக விழுந்தது. சின்னப்பிள்ளை மாதிரி சிரித்தார். அந்த முகத்தைப் பார்த்தால் யாருக்கும் அவர்மேல் கோபம் வராது. எனக்கே வரவில்லை.

குழுவில் ஒருவர், “எந்தக் கம்பெனி மெஷின் சார்?” என்று கேட்டார்.

“நம்ம மெக்கானிக்கல் பசங்க பண்ணுனதுங்க. ஸ்டூடண்ட் ப்ராஜெக்ட். இவுங்க ஜெயசீலி, கைடு. நம்ம வீட்டுப் பொண்ணாட்டங்க.”

கை கூப்பினேன். குறித்துக்கொண்டார்கள். மத்தியானம் அவர்களுக்குப் பிரியாணி, எங்களுக்குத் தயிர்சாதம்.

ஜூன் 4, புதன்

ஃபைல் கேட்கப் போனேன். பைகூடக் கொண்டுபோயிருந்தேன்.

“உக்காருங்க. நேத்து ரொம்ப சந்தோசம். குடுக்கறேன்னு சொன்னேன், குடுக்கறேன். யாரு நிக்கறாங்க?”

“எங்கேங்க ஐயா?”

“பொறுப்புக்கு. மேகலாவுக்கு நீங்க நின்னீங்க. நீங்க போனா அந்த எடத்துல ஒரு ஆள் நிக்கோணுமில்லீங்களா?”

“வண்டி ஓடினா ஃபைல் கையிலன்னு சொன்னீங்க ஐயா.”

“இப்பவும் இல்லைங்கலியே. ஒரு ஆளக் கூட்டிட்டு வாங்க. அப்பவே பீரோவத் தொறந்தர்றேன்.” ஏ.ஓ. பக்கம் திரும்பி, “அம்மணிக்கு ஒரு மோர் சொல்லுங்க,” என்றார்.

மோர் வந்தது. குடித்தேன். ஏன் குடித்தேன் என்று இப்போதுவரை என்னையே திட்டிக்கொண்டிருக்கிறேன். முகத்தில் ஊற்றியிருக்க வேண்டும். பெருங்காயம் போட்டு நன்றாக வேறு இருந்தது.

ஜூன் 6, வெள்ளி

எல்லோரையும் கேட்டுவிட்டேன். வேதியியல் மேடம் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார், ஆனால் முடியாது என்றார். சிவில்காரர் தனக்கும் துபாய் விசா வரப்போகிறது என்றார். யார்மேலும் தப்பில்லை. நானாக இருந்தாலும் போட மாட்டேன்.

சாயங்காலம் ஆத்திரத்தில் ஒரு யோசனை வந்தது. டெக்கைப் பிடித்திருப்பது நாலே நாலு இரும்புப் பின்கள். அவற்றைப் பிடுங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டால் என் ஃபைல் அவரிடம், அவர் புல்வெளி என்னிடம். ஷெட்டுக்குப் போனேன். ஷெட்டுக்குக் கதவு வைத்துப் புதுப் பூட்டுத் தொங்குகிறது. பக்கத்தில் நாற்காலி போட்டு வாட்ச்மேன்.

“சாவி ஏ.ஓ. கிட்டங்க. ஐயா வண்டிய யாரும் தொடக்கூடாதுன்னுட்டாருங்க.”

நான் மாட்டியதை நானே தொட முடியாது.

ஜூன் 9, திங்கள்

அட்மிஷன் டூட்டி முடிந்து வரும்போது, பஸ்ஸில் பக்கத்து சீட்டிலிருந்து வைரவன் சார் சொன்னார்.

“நான் போடறேன் மேடம்.”

எனக்கு முதலில் புரியவில்லை.

“பொறுப்புக் கையெழுத்து. நான் நிக்கிறேன்.”

“உங்களுக்கு தேவகோட்டை ஸ்கூல்ல வரச் சொல்லியிருக்காங்கன்னு சொன்னீங்களே சார். வீட்டுக்குப் பக்கம்.”

“அவங்க வருஷா வருஷம் ஆள் எடுக்கிறாங்க. ஒரகடத்துக்காரன் எடுப்பானா?”

“நான் திரும்பி வரமாட்டேன் சார். ரெண்டு நாள், பாஸ்போர்ட்டு அப்படின்னு உங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேன்.”

“தெரியும் மேடம். அதனாலதான் போடறேங்கிறேன்.”

ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு இன்னொன்றும் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம். “இன்னும் பத்து நாள்ல புது ஆளுங்க வந்துருவாங்க சார். விவரம் தெரியாதவங்க. அதுல யாராவது ஒருத்தங்கள உங்களுக்கு…”

“அத மட்டும் சொல்லாதீங்க.” அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. “ஒண்ணும் தெரியாம வர்ற புள்ளைக்கு ரசம் வச்சுக் குடுத்து, தலை பின்னிவிட்டு, கையெழுத்து வாங்கச் சொல்றீங்களா? மேகலா மேடம் உங்ககிட்ட வாங்கின மாதிரி?”

“மேகலா அப்படிப்பட்டவ இல்ல சார்.”

அவர் மிச்சமிருந்த நோட்டீஸ்களை எண்ணி ரப்பர் போட்டுப் பைக்குள் வைத்தார்.

மேகலா அப்படிப்பட்டவள் இல்லை.

ஜூன் 10, செவ்வாய்

வேண்டாம் என்று வைரவன் சாரிடம் சொல்லிவிட்டேன்.

ஜூன் 11, புதன்

வேலைக்குப் போகவில்லை. தலைவலி என்று எழுதிக் கொடுத்தேன்.

மேகலா என் காய்ச்சலுக்கு ரசம் வைத்துத் தந்ததெல்லாம் அந்த ஒரு மாதம்தான். அதற்கு முன் அவளுக்கு வேறொரு தோழி இருந்தாள், சீனியர். அந்த சீனியர் கையெழுத்துப் போட மறுத்ததும் மேகலா பேச்சை நிறுத்திவிட்டு என் அறைக்கு மாற்றல் வாங்கி வந்தாள். அப்போதே இது எனக்குத் தெரியும். தெரிந்தும் முறுக்கைத் தின்றேன். தூத்துக்குடியிலிருந்து வந்து இறங்கியிருந்தேன், யாராவது தலை பின்னிவிட்டால் போதும் என்றிருந்தது. அவளை நல்லவள் என்று சொல்லிக்கொண்டிருந்தால்தான் நான் முட்டாள் இல்லை என்றாகும். மூன்று வருடமாகச் சொல்லிவருகிறேன்.

கம்பெனியிலிருந்து மெயில். 16ஆம் தேதி காலை ஒன்பதுக்கு வரவேண்டும், அசல் இல்லாதவர்களைச் சேர்த்துக்கொள்வதில்லை.

ஜூன் 12, வியாழன்

சரி என்று சொல்லிவிட்டேன்.

வைரவன் சார் வந்து, ரெக்கார்டு நோட்டுக்குப் போடும் பச்சை மைப் பேனாவால் கையெழுத்துப் போட்டார். தாளாளர் இருவரையும் பார்த்து, “இதுதானுங்க குடும்பம்,” என்றார். பீரோ திறந்தது. ஃபைல்கள் அடுக்கடுக்காக, கல்யாண வீட்டு வேட்டிகள் மாதிரி. என்னுடையதை எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தார் குழந்தைவேல். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் என் ரெட்டைச் சடை போட்டோ. அதைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. அதைச் சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

வெளியே வந்து, “ரொம்ப நன்றி சார்,” என்றேன். அந்த வார்த்தை எனக்கே அசிங்கமாகக் கேட்டது.

“பாப்பாகிட்ட சொல்லிட்டேன் மேடம். அப்பா இன்னும் ஒரு வருஷம் இங்கதான்னு. எல்.கே.ஜி. முடிக்கிறதுக்குள்ள வந்துருவியாங்கிறா. அவளுக்கு வருஷம்னா என்னன்னு தெரியாது.” சிரித்தார். “நீங்க கிளம்புங்க. அதை யோசிக்காதீங்க.”

ஒரு வருடத்தில் யார் வந்து நிற்பார்கள்? அவரேதான் புதிதாக வருகிற ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, போடாதீர்கள் என்று எச்சரிப்பார். தானே கேட்கவும் மாட்டார். அவருக்குக் கதவே கிடையாது. அது தெரிந்துதான் நான் ஃபைலை வாங்கியிருக்கிறேன். வேறு எப்படி எழுதிப் பார்த்தாலும் இதுதான் வருகிறது.

ஜூன் 14, சனி

வேலூர் தாண்டிவிட்டது. பஸ் ஆடுவதால் எழுத்து கோணலாக விழுகிறது.

காலையில் பெட்டியோடு கேட்டுக்கு வந்தேன். புல்வெளியில் சிவப்பு வண்டி ஓடிக்கொண்டிருந்தது. இனி புல் வெட்டுவது வைரவன் சார் பொறுப்பாம். டெக் மாட்டும்போது கூட இருந்தவர் அவர்தானே என்று ஏ.ஓ. சொன்னாராம். தூரத்திலிருந்து கையைத் தூக்கினார். வண்டியை நிறுத்தவில்லை, நிறுத்தினால் மறுபடி ஸ்டார்ட் ஆக நேரமெடுக்கும். நானும் கையைத் தூக்கினேன்.

வாட்ச்மேன் என் பையைச் சோதித்துக்கொண்டிருந்தபோது ஆட்டோவில் ஒரு பெண் வந்து இறங்கினாள். இருபத்துமூன்று, இருபத்துநாலு இருக்கும். புதுச் செருப்பு, ஒரு டிரங்குப் பெட்டி. நெஞ்சோடு அணைத்துக்கொண்ட பிளாஸ்டிக் ஃபைல். ஊர் புதிது என்பது நிற்கிற நிலையிலேயே தெரிந்தது.

“மேடம், இங்க ஒர்க் பண்றீங்களா? நான் இங்கிலீஷ் டிபார்ட்மெண்ட்ல ஜாயின் பண்ண வந்திருக்கேன். ஒரிஜினல்ஸ் எல்லாம் கொண்டுவரச் சொன்னாங்க. எங்க குடுக்கணும்?”

ஒரு வார்த்தை போதும். திரும்பிப் போம்மா என்றால் அந்த ஆட்டோவிலேயே ஏறிப் போயிருப்பாள், ஆட்டோ இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தது. புல்வெளியில் வண்டி கோடு போட்டுக்கொண்டு அந்தப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. அவர் முதுகு மட்டும் தெரிந்தது.

“நேராப் போயி இடது பக்கம், ஏ.ஓ. ஆபீஸ்,” என்றேன்.

டிரங்குப் பெட்டியின் ஒரு பக்கம் நான் பிடித்துக் கேட்டுக்குள் வைத்தேன். பெண்கள் விடுதியில் என் அறை காலியாக இருக்கிறது, வாளியும் கொசுவலையும் விட்டுவந்திருக்கிறேன், எடுத்துக்கொள் என்றேன். முகம் மலர்ந்துவிட்டது. சாப்பாட்டில் வெள்ளிக்கிழமை சாம்பார் மட்டும் வேண்டாம் என்றேன், சிரித்தாள்.

“இயற்பியல் வைரவன் சார்னு ஒருத்தர் இருக்காரு. தங்கமான மனுஷன். அவர் எதையும் வாய்விட்டுக் கேக்க மாட்டாரு. அவருக்கு ஏதாவது உதவின்னா நீங்களாப் போய்ச் செய்யுங்க.”

“கண்டிப்பா மேடம்,” என்றாள். வந்த இடத்தில் முதலில் பார்த்த ஆள் இவ்வளவு நல்லவராக இருக்கிறாரே என்று அவள் கண்ணில் தெரிந்தது.

ஆட்டோ திரும்பப் போகிறதா என்று கேட்டு, அதிலேயே ஏறிக்கொண்டேன். அவள் பெயரைக் கேட்கவில்லை.